பன்னிரண்டரை ரூபாயில் ஒரு மாதம்

பிப்ரவரி 1, வெள்ளி

காலையில் நல்ல குளிர். சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. மில் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

இன்று முதல் பரீட்சை. பிள்ளைகளுக்கு அல்ல, எனக்கு.

நிலைமை: வயது 46. மிஷன் பள்ளிக்கூடத்தில் 28 வருஷம். கிறிஸ்துமஸிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது. கத்துவதை நிறுத்தாவிட்டால் குரலே போய்விடும் என்கிறார் டாக்டர். நாற்பத்தெட்டு உருப்படிகள் உள்ள இரண்டாம் வகுப்பில் கத்தாமல் ஒரு நாள் அவர் இருந்து காட்டட்டும்.

ஐம்பத்தைந்து வரை வேலையில் இருக்கலாம். எனக்கு இந்த ஏப்ரலோடு போதும் என்று இருக்கிறது. ஆசை இருந்தால் ஆயிற்றா? எஸ்தர் டீச்சரும் இப்படித்தான் ஆசைப்பட்டு வேலையை விட்டு நின்றாள். இரண்டு வருஷத்தில் கைப்பணம் கரைந்து, இப்போது சித்தப்பா மகன் வீட்டில் சோறு போடுகிறவர்களின் முகம் பார்த்துச் சாப்பிடுகிறாள். அந்த நிலை மட்டும் எனக்கு வேண்டாம்.

நின்றால் வருவது:
பிராவிடெண்ட் பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்து ரூ. 2000. பாங்கியில் போட்டால் மாத வட்டி 8-12-0, அதாவது எட்டு ரூபாய் பன்னிரண்டணா.
மதுக்கரை வீட்டின் முன்பாகத்து வாடகை 3-12-0.
ஆக 12-8-0. (இப்போது சம்பளம் 35.)

பின்பாகம் பூட்டிக் கிடக்கிறது, அதில் நான் குடியிருக்கலாம். தம்பி மகன் படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது போன வருஷத்தோடு முடிந்தது, ஸ்தோத்திரம். அவன் படித்து முடித்திராவிட்டால் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது.

விதிகள்: பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டரை ரூபாய். அதில்தான் இந்த மாதம் முழுக்க. மீதிச் சம்பளம் பெட்டியில், பூட்டு, சாவி சௌந்தரத்திடம். மதுக்கரையிலிருந்து கோவிலுக்கு வர ஆகும் பஸ் கூலி, ஞாயிறுதோறும் நாலணா, இங்கே இருந்தாலும் எடுத்து வைக்க வேண்டும். டீச்சர் என்பதற்காக யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் சந்தை விலை போட்டு அதையும் எடுத்து வைக்க வேண்டும். வேலையை விட்டபின் கொடுப்பார்களோ மாட்டார்களோ.

சௌந்தரம் பக்கத்து அறையில் இருக்கும் தையல் டீச்சர். புருஷனை இழந்தவள், என்னை விட நாலு வயது சிறியவள், வாயில் மட்டும் பெரியவள். சாவியை வாங்கிக்கொண்டே, "ஏனுங்க்கா, பொட்டி நெறையா பணத்த வெச்சுப்போட்டு இல்லாதவங்க மாதர நடிக்கோணுமா? உங்குளுக்கு வேற வேல இல்லீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 2, சனி

வெயில் மிதம். சந்தை.

அரிசி, கம்பு, ராகி மாதத்துக்கு: 2-12-0
பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய்: 1-14-0

முருங்கைக்காய்க்காரி மாரக்காள் ஆறு காயைப் பையில் திணித்தாள். மகள் என் வகுப்பு. காசை நீட்டினால், "நல்லாருக்குதுங்க! எம் புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கறவங்ககிட்ட நான் காசு வாங்கறதுங்களா?" என்று சண்டைக்கு வருகிறாள். வாங்கிக்கொண்டு வந்து முக்காலணா எடுத்துத் தனியே வைத்தேன். சாம்பார் நன்றாக வந்தது.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். முன்வரிசைக் குழந்தை ஒன்று என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது.

கர்த்தருடையது முதலில்: தசமபாக உறை, வழக்கம்போல 3-8-0. பஸ் கூலி 0-4-0. டப்பாவில் மீதி 4-1-3. டப்பா அதற்குள் இளைத்துவிட்டது. மாத சாமான் வாங்கியாயிற்று, பரவாயில்லை.

பிப்ரவரி 6, புதன்

குரல் சுத்தமாக அடைத்துக்கொண்டது. இரண்டாம் வகுப்பில் கிசுகிசுத்தே வாய்ப்பாடு சொன்னேன். பிள்ளைகளும் கிசுகிசுப்பிலேயே திருப்பிச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு பேர் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று ரகசியம் பேசுகிற சத்தம்! பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஜெபம் நடக்கிறது என்று நினைத்துத் தலை குனிந்து போய்விட்டார்கள். வெகுநாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கவும் தொண்டை வலித்தது.

சித்தரத்தை, பனங்கற்கண்டு: 0-4-0. விறகு 0-14-0. ஆள் ஏமாற்றிவிட்டான், பாதி ஈரம்.

பிப்ரவரி 9, சனி

மதுக்கரை போய்வந்தேன், நாளைய பஸ் கூலிக்குப் பதிலாக. (கோவிலுக்கு இங்கிருந்து நடைதானே. விதிமீறல் இல்லை.)

சிமெண்ட் வேலை வந்தபிறகு ஊரே மாறிவிட்டது. சாலையோர வேப்பிலை மேலெல்லாம் வெள்ளைப்பொடி. ஆனால் வீட்டுக்கு ஆள் கிடைக்கிறது. முன்பாகத்தில் குடியிருக்கும் பழனியம்மாளின் புருஷனுக்கு அங்கேதான் வேலை.

நான் பின்பாகத்தைத் திறந்ததும் பழனியம்மாள் முகம் வாடிப்போயிற்று. "ஏனுங்கம்மா, எங்கள எந்திரிக்கச் சொல்லத்தான் வந்தீங்களா?" இல்லை, நானே இந்தப் பக்கம் வந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றேன். "வாங்க, வாங்க! இவரு வேலைக்குப் போனா பேச்சுக்கு ஆளில்லீங்க. எனக்கும் பேரெழுதச் சொல்லிக் குடுங்க" என்றாள். வேலையை விட வழி பார்க்க வந்த இடத்தில் ஒரு மாணவி! ஆனால் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கக் கத்த வேண்டியதில்லை.

அறை: பத்தடிக்குப் பன்னிரண்டு. கிழக்கே ஜன்னல். ஒட்டடை. ஒரு ஓடு உடைந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. கீழே உட்கார்ந்து கால்மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. யாரையும் "உட்கார்" என்றோ "வாயை மூடு" என்றோ சொல்லவில்லை. இதற்காகத்தான் ஆண்டவரே, இதற்காகத்தான்.

பழனியம்மாள் அரிசியும் பருப்பும் சாதம் போட்டாள், நெய் விட்டு. இது டீச்சருக்குக் கொடுத்ததா, வீட்டுக்காரிக்குக் கொடுத்ததா? வெகுநேரம் யோசித்து, வீட்டுக்காரிக்கு என்று முடிவு செய்து விலை போடவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

பகலில் சூடு ஏறுகிறது. பால் பாதியாகக் குறைத்தாயிற்று. காப்பி காலையில் மட்டும். நாலு மணிக்குத் தலைவலி. வகுப்பில் எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பையன் சிலேட்டைத்தான் கீழே போட்டான்.

சாயங்காலம் சௌ. காப்பி கொண்டுவந்தாள். விதிப்படி விலை போடவேண்டும் என்றேன். "உங்க விதியத் தூக்கி அடுப்புல போடுங்க்கா. நான் உங்க மாணவியுமில்ல, குடித்தனக்காரியுமில்ல. குடிங்க" என்றாள். குடித்தேன். விலை போடவில்லை.

அவள் எனக்குக் கிடைத்த வரம். அவளிடம் சொல்ல மாட்டேன், தலை கனத்துவிடும்.

பிப்ரவரி 18, திங்கள்

மண்ணெண்ணெய், சோப்பு, வண்ணான்: 0-14-0. புடவைக்கென்று மாதம் எட்டணாவாவது ஒதுக்கவேண்டும் என்பது இன்றுதான் தோன்றியது, கட்டியிருந்தது முந்தானைப் பக்கம் கிழிந்தபோது. ஒதுக்கினேன்.

டப்பாவை ஆட்டினால் சத்தம் குறைவு.

பிப்ரவரி 21, வியாழன்

டப்பா காலி. மாதம் முடிய இன்னும் ஏழு நாள்.

சௌந்தரத்திடம் சாவி வாங்கினேன். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். பெட்டியிலிருந்து எடுப்பதை எல்லாம் 'கடன்' என்று எழுதிக்கொள்கிறேன். என்னிடமே நான் கடன்காரி.

மிஸ்ஸியம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். இங்கே வந்து பதினெட்டு வருஷமாகியும் அவர்கள் பேசுவது வேதபுஸ்தகத் தமிழ்தான். "ஞானம் அம்மாள், நீர் மெலிந்திருக்கிறீர். உமது ஆகாரம் யாது?" காப்பியைக் குறைத்தேன் என்றேன். "அடுத்த ஆண்டிற்கு ஒரு உபாத்தினியைத் தேட எனக்கு அவகாசம் வேண்டும். மார்ச் நான்காம் தேதி உமது பதிலைச் சொல்லும். நீர் இருந்தால் மகிழ்வேன். நீர் போனாலும் உம்மேல் வருத்தமில்லை." எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் கீழே வேலை செய்தேன் என்பதே பெரிய காரியம்.

பிப்ரவரி 28, வியாழன்

வெயில். பள்ளிக்கூடம் விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மொத்தம் போட்டேன்.

தானியம் 2-12-0
மளிகை 1-14-0
விறகு 0-14-0
பால் 1-0-0
காய், முட்டை (சும்மா வந்தவை விலையோடு) 1-4-0
காப்பி, சர்க்கரை 0-12-0
மண்ணெண்ணெய், சோப்பு, வண்ணான் 0-14-0
பஸ் 1-0-0
மருந்து 0-4-0
புடவைக்கு 0-8-0
தசமபாகம் 3-8-0

ஆக 14-10-0. வரவு 12-8-0. துண்டு 2-2-0.

மூன்று தரம் கூட்டினேன். மாறவில்லை. மாதம் இரண்டு ரூபாய் இரண்டணா முதல் பணத்திலிருந்து எடுத்தால், முதல் குறைய வட்டி குறையும், வட்டி குறைய இன்னும் அதிகமாக எடுக்கவேண்டும். எஸ்தர் டீச்சர் போன வழி. இத்தனைக்கும் காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்கவில்லை, கல்யாணம் என்று ஒரு பத்திரிகை வரவில்லை.

எதைக் குறைப்பது? பாலை அடியோடு நிறுத்தலாம். ராத்திரிக்குக் கம்பங்கூழ் மட்டும். அப்படியும் ஒன்றரை ரூபாய்க்கு மேல் தேறாது. அறுபது வயதில் பாலும் இல்லாமல் காப்பியும் இல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மலை என்ன செய்யும்?

அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டேன். இன்னும் ஒன்பது வருஷம். வேலை இருக்கிறதே, எத்தனை பேருக்கு இல்லை. கூரை இருக்கிறது. சௌ. இருக்கிறாள். குரல் போனால் கிசுகிசுக்கலாம். அந்த ரகசிய வாய்ப்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உள்ளதற்கு ஸ்தோத்திரம்.

திங்கட்கிழமை மிஸ்ஸியம்மாவிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிவிடவேண்டும்.

மார்ச் 1, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் சௌ. கணக்கு நோட்டைக் கேட்டாள். படித்து என்ன ஆகப்போகிறது என்று கொடுத்துவிட்டேன். கையில் சோற்றோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனவள் கடைசியில் நிறுத்தினாள்.

"ஏனுங்க்கா, இது யாரு வருமானத்துக்குத் தசமபாகம்?"

"யாருடையதா? என்னுடையதுதான்."

"உங்க வருமானம் பன்னண்டரைன்னுதான மேல எழுதியிருக்குது?"

"ஆமாம்."

"பன்னண்டரைல பத்துல ஒரு பங்கு எத்தனைங்க? ஒண்ணேகால். மூணரைங்கறது முப்பத்தஞ்சுக்கு. அந்த முப்பத்தஞ்சு எம் மடில சாவியாக் கெடந்துதுங்க்கா, உங்க டப்பால இல்ல!"

நோட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். சம்பளத்துக்குரிய பங்கைப் பெட்டியிலிருந்து அல்லவா எடுத்திருக்கவேண்டும்? டப்பா பாவம், தனக்குரிய ஒன்றேகாலைத்தான் கொடுக்கவேண்டும். முதல் ஞாயிறு என்றால் மூன்றரை என்று கை தானாகப் போய் எடுத்து உறையில் போட்டிருக்கிறது. முருங்கைக்காய்க்கு முக்காலணா விலை போட்ட புத்திசாலி, இரண்டேகால் ரூபாயைக் கோட்டைவிட்டிருக்கிறேன். 28 வருஷம் கணக்கு டீச்சர்!

திரும்பக் கூட்டினோம். செலவு 12-6-0. வரவு 12-8-0. மீதி இரண்டணா.

இரண்டணா! சௌ. இடது கையால் என் முதுகில் அடித்தாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்றுவிட்டன.

அதே நாள், சாயங்காலம்

சந்தோஷம் நாலு மணி நேரம் இருந்தது. அப்புறம் ஒரு நினைப்பு.

எங்கள் கோவிலில் முதல் ஞாயிறு உறை வாங்கியதும் உபதேசியார் பேர்களையும் தொகைகளையும் சத்தமாகப் படிப்பார். பெரிய தொகை முதலில், அப்புறம் படிப்படியாகக் கீழே. ரயில்வே கார்டு முதல், கம்பவுண்டர் இரண்டாவது, மூன்றாவது நான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். என் பேர் வந்ததும் பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து அடுத்த பாட்டைத் தேடுவேன்.

இனி ஒன்றேகால். எல்லாருக்கும் கேட்கும்படி.

அரிசி, விறகு, பஸ் எல்லாவற்றுக்கும் விலை போட்டேன். இதற்குப் போடவில்லை. பசியைக் கூடத் தாங்குவேன் போலிருக்கிறது, அந்தப் பட்டியலில் கீழே இறங்குவது எனக்குப் பெரும் கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதவே வெட்கம். ஆண்டவருக்குக் கொடுத்தேனா, மூன்றாவது இடத்துக்குக் கொடுத்தேனா?

மார்ச் 2, சனி

காலையில் உபதேசியார் வீடு. வயதானவர், சாது. வேலையை விடுவதாக இருக்கிறேன், பங்கு குறையும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அதுக்கென்னங்க டீச்சரம்மா, பேரச் சொல்லாம 'ஒரு சகோதரி'ன்னு படிச்சுப்போடட்டுங்களா? சங்கடமில்லாமப் போயிருமுங்க."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போது அவர் மனைவி, "ஏனுங்க, அப்பிடியும் படிக்கலாமுங்களா? ரெண்டணா குடுக்கறவங்க ஒருத்தரும் பேர மறைக்கச் சொல்லிக் கேட்டதில்லீங்களே" என்றாள். குத்திப் பேசவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

பேரைச் சொல்லியே படியுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் காது சுட்டது.

மார்ச் 4, திங்கள்

கடிதம் கொடுத்தாயிற்று. நாலு வரி. மிஸ்ஸியம்மா படித்துவிட்டு, "தீர ஆலோசித்தீரா?" என்றார்கள். ஒரு மாதம் பட்டினி கிடந்து ஆலோசித்தேன் என்றேன். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

தொண்டை இன்று தெளிவு. என்ன வினோதமோ.

மே 6, திங்கள். மதுக்கரை

நேற்று கோடை மழை. ஓடு மாற்றியது நல்லதாயிற்று. காலையில் ஆறரை வரை தூங்கினேன்! சங்கு இங்கேயும் ஊதுகிறது, எனக்காக அல்ல.

பழனியம்மாள் தன் பேரில் 'ழ'வோடு மல்லுக்கட்டுகிறாள். காய் 0-0-9. பால் 0-0-6. வேறு செலவில்லை. குரல் பரவாயில்லை, மெள்ளப் பாடக்கூட வருகிறது.

சௌ. சனிக்கிழமை வருவதாகக் கடிதம். "காப்பித்தூள் நான் கொண்டுவாரேன், நீங்க வெல போடாதீங்க."

ஜூன் 2, ஞாயிறு

காற்று தொடங்கிவிட்டது, பஸ்ஸில் கண்ணெல்லாம் மண். பழைய சம்பளத்துக்கான கடைசி மூன்றரை போன மாதம் போயிற்று. இன்று முதல் ஒன்றேகால். உறையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சௌ. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உபதேசியார் படித்தார். கார்டு. கம்பவுண்டர். மூன்றாவதாக: நர்ஸ் லில்லி கிருபை, மூன்று ரூபாய்.

லில்லியா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே வகுப்பில் தூங்குமே அந்த லில்லி? நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து மில் பிட்டர் தேவசகாயம், இரண்டேமுக்கால். அவனுக்கு 'ட' எழுத வரவே வராது, முட்டி போட வைத்திருக்கிறேன். அடுத்தது ஒருவர், தெரியாதவர். அடுத்து சுந்தரி பாக்கியம். அடுத்து சாமுவேல், பஸ் கண்டக்டர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு சின்ன முகம் எழுந்து வந்தது. இத்தனை வருஷம் இந்த இடத்தில் நான் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் பேர் பதினேழாவது. எனக்கு முன்னால் பதினாறு பேர். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது பேர் என் பிள்ளைகள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியார் மூச்சுவிடாமல் அடுத்த பேருக்குப் போய்விட்டார். கடைசி ஓரணா வரைக்கும் கேட்டேன்.

அழுகை வந்துவிட்டது. சௌ. பயந்துபோய், "என்னுங்க்கா, ஒண்ணேகாலுக்கா அழுகறீங்க?" என்று காதில் கேட்டாள். இல்லை, என் பிள்ளைகளெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றேன். கைக்குட்டை கொடுத்தாள். அவளே தைத்தது, ஓரம் கோணல்.